அம்மாவின் ஊர்ப் போரைத் தூர தேசத்திலிருந்து வரைபவர்களுக்கு

வெளிநாட்டில் பிறந்து, அம்மா அப்பாவின் ஊரில் நடந்த போரை வரைகிற பிள்ளைகள் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் எனக்குப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பெரும்பாலும் பனைமரம், முள்கம்பி, வெள்ளைக் கூடாரம். அது வடக்கே வன்னியில் 2009இல் நடந்த போர். உங்கள் குடும்பம் மட்டக்களப்பு என்றால் அந்தப் படங்களை ஒதுக்கிவிட்டு முதலில் திகதியைப் பிடியுங்கள்.

திகதி கிடைத்தால் நிறம் கிடைக்கும். இலங்கைப் பொலிஸின் விசேட அதிரடிப்படை நடத்திய கொக்கட்டிச்சோலைப் படுகொலை 1987 ஜனவரி 28. பெரும்போக வேளாண்மை வயலில் நிற்கிற காலம், வரம்பெல்லாம் ஈரம். இராணுவம் நடத்திய சத்துருக்கொண்டான் படுகொலை 1990 செப்டம்பர் 9. கச்சான் என்கிற வறண்ட காற்றில் காய்ந்த நிலம், புழுதி. இரண்டுக்கும் ஒரே கறுப்பைப் பூசாதீர்கள். வெளிச்சத்தையும் கவனியுங்கள்: வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நின்றால் வாவி கிழக்கே. காலை வெயில் தண்ணீரில் பட்டு முகத்தில் அடிக்கும். மாலையில் சூரியன் வயலுக்குப் பின்னால் இறங்கும்.

அப்புறம் பெரியவர்களுக்குப் போன் எடுங்கள். "என்ன நடந்தது?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் வாயடைத்துப் போவார்கள். கிணறு எங்கே, வேலி கிடுகா கம்பியா, வளவு வாசல் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் என் மருமகள் அப்படித்தான் கேட்டாள். "கிணத்தடியில வாழை நிண்டது புள்ள, அதுக்குப் பின்னாலதான் ஒளிச்சிருந்த நாங்க" என்றார் அவளுடைய பெரியம்மா. அந்த வாழையை மட்டும் ஆளுயரத்துக்குக் கரியால் வரைந்தாள்: கிழிந்த இலைகள், அடியில் கவிழ்ந்த வாளி. ஆள் ஒருவரும் இல்லை. பெரியம்மா படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, வாளி தகரம், பிளாஸ்டிக் இல்லை என்று திருத்தினார். மருமகள் அழித்து மறுபடி வரைந்தாள்.

1990ஐ வரைவதானால் காத்தான்குடியை விடாதீர்கள். ஆகஸ்ட் 3 இரவு இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள். அந்த ஆண்டைப் பற்றிய படத்தில் அவர்களுக்கு இடமில்லை என்றால், அதை இங்கே நாலு பேருக்குக் காட்ட எனக்கு மனம் வராது.

கண்காட்சிக்கு அனுப்பும் முன் படத்தைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு அனுப்புங்கள். பெயர், முகம், வீட்டு அடையாளம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். அவர்கள் இன்னும் அதே ஒழுங்கையில்தான் வாழ்கிறார்கள். வேண்டாம் என்றால் முகத்தை எடுத்துவிடுங்கள், திறப்பு விழா தள்ளிப்போனாலும் சரி.