பொங்கல் வாழ்த்து அட்டை போட்டு விற்பது எப்படி? (8 டிசைன், ஒரே தாள்)

"பொங்கலுக்கு வாழ்த்து அட்டை போடலாம்னு இருக்கேன், எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்பவர்கள் எல்லாரும் முதலில் போனை நீட்டி ஒரு படத்தைத்தான் காட்டுகிறார்கள். கரும்பு, பானை, இரண்டு மாடு. படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது எந்தத் தாளில் எத்தனை வரும், எந்த மாதம் அச்சகத்துக்குப் போகும் என்று கேட்டால் முழிப்பார்கள். நானும் அப்படி முழித்தவன்தான், முதல் வருடம் கையையும் சுட்டுக்கொண்டேன். அதனால் இங்கே படம் நாலாவது படியில்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் வாங்குகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் எழுத நேரமில்லாமல்தான் ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரை வைத்து முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சிட்டார், அதையே ஒரு ஷில்லிங் விலைக்கு விற்கவும் செய்தார். அதாவது அட்டை பிறந்ததே எழுதும் வேலையைக் குறைக்க. நம் ஊரில் எண்பதுகளில் எம்.ஜி.ஆர், சிவாஜி, ரஜினி, கமல் என்று கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பொங்கல் அட்டைகளும் அந்த வேலையைத்தான் செய்தன. இப்போது அதை வாட்ஸாப் இலவசமாகச் செய்துவிடுகிறது. இன்றைக்குக் காசு கொடுத்து அட்டை வாங்குகிறவருக்குக் கைப்பட நாலு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். கீழே நான் சொல்லும் பாதி விஷயம் இதிலிருந்துதான் வருகிறது.

1. தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. டிசம்பர் முதல் வாரத்தில் சரக்கு கடையில் இருக்க வேண்டும். அப்படியானால் நவம்பரில் அச்சடிக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று புது வருடக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது வழக்கம், அதன்பிறகு ஆர்டர்கள் குவியக் குவிய மெஷின்கள் காலண்டருக்கும் டைரிக்குமே ஓடும். நடுவில் தீபாவளி வந்தால் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். நாலாயிரம் அட்டை அடிக்க வரும் புது ஆளுக்காக அந்த நேரத்தில் யாரும் மெஷினை நிறுத்த மாட்டார்கள், நிறுத்தச் சொல்வதும் நியாயமில்லை. ஆகஸ்டில் டிசைன், செப்டம்பர் கடைசிக்குள் ஃபைல், அக்டோபரில் அச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் என் கட்டு கைக்கு வந்தது ஜனவரி 9. மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

2. தாளிலிருந்து அளவை எடுங்கள்

நிறையப் பேர் மூடிய நிலையில் 5×7 அங்குல அட்டை என்று முடிவு செய்துவிட்டு வருகிறார்கள். விரித்தால் அது 10×7. கடையில் கிடைக்கும் போர்டு, அதாவது அட்டை அடிக்கும் தடித்த தாள், 20×30 அங்குலம். பத்தும் பத்தும் இருபது, கணக்கு சரி போலத் தெரியும். ஆனால் மெஷின் தாளைப் பிடிக்கும் கிரிப்பர் ஓரம் வேண்டும், வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாமல் இருக்க ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீட்டர் படம் வெளியே நீள வேண்டும், இதற்கெல்லாம் இடமே இருக்காது. எட்டு வரவேண்டிய தாளில் ஆறுதான் வரும், மீதித் தாள் குப்பைக்கு.

நான் எடுக்கும் அளவு 4.5×6.5. விரித்தால் 9×6.5. 20 அங்குலப் பக்கத்தில் இரண்டு, 30 அங்குலப் பக்கத்தில் நாலு, ஆக ஒரு தாளில் எட்டு, ஓரங்களுக்கும் இடம் மிச்சம். இதில் இன்னொரு லாபம் இருக்கிறது: எட்டும் எட்டு வேறு டிசைன்களாக இருக்கலாம், பிளேட் (அச்சுத் தகடு) செலவு அதிகமாகாது. வெளிப்பக்கம் நாலு கலருக்கு நாலு பிளேட், உள்பக்கம் ஒரே கலருக்கு ஒன்று, மொத்தம் ஐந்து. 500 தாள் ஓட்டினால் டிசைனுக்கு 500 வீதம் 4000 அட்டை. கலர் சரிசெய்யும்போதும் வெட்டும்போதும் தாள் வீணாகும், அதற்கு ஐம்பது அறுபது தாள் கூடுதலாக வாங்குங்கள்.

போர்டை எடைக்கணக்கில் விற்பார்கள். நீளத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் பெருக்கி, அதை ஜிஎஸ்எம்மால் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) பெருக்கி, 3100-ஆல் வகுத்தால் 500 தாளின் எடை கிலோவில் வரும். 20×30, 300 ஜிஎஸ்எம் என்றால் சுமார் 58 கிலோ. இந்தக் கணக்கைக் கடைக்காரர் முன்னால் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள், பேச்சே மாறும்.

தாளுக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. மடிப்பு அந்தத் திசையிலேயே விழ வேண்டும், குறுக்கே விழுந்தால் மடிப்பில் வெடிக்கும். மேலே சொன்ன அமைப்பில் மடிப்பு 30 அங்குலப் பக்கத்தோடு போகிறது, அதனால் நாரும் அந்தப் பக்கமாக ஓடும் தாளையே கேளுங்கள். சந்தேகமிருந்தால் ஒரு தாளை இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள், மடிப்பு எந்தப் பக்கத்தோடு போகும்படி வளைத்தால் இலகுவாக வளைகிறதோ அதுதான் நாரின் திசை.

3. பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு போர்டு வாங்கப் போங்கள்

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. முதல் வருடம் இரண்டு பக்கமும் பளபளக்கும் ஆர்ட் போர்டு வாங்கினேன். அச்சு அற்புதம். வாங்கியவர்கள் ஜெல் பேனாவில் "அன்புள்ள அத்தைக்கு" என்று எழுதி மூடினால், அத்தை எதிர்ப்பக்கத்திலும் தெரிந்தார். ஒரு பக்கம் மட்டும் பூச்சுள்ள போர்டு கேட்டு வாங்கி, சொரசொரப்பான பக்கத்தை உள்ளே வையுங்கள். சாம்பிள் துண்டில் ஜெல், மை, பால்பாயிண்ட் மூன்றிலும் எழுதி, ஐந்து எண்ணி, விரலால் தேயுங்கள்.

எடையையும் பாருங்கள். இந்த அளவில் 300 ஜிஎஸ்எம் அட்டை 11 கிராம் சொச்சம் வரும், உறை இன்னொரு ஐந்து கிராம். 20 கிராமுக்குள் நின்றுவிடுகிறது, சாதாரணத் தபாலின் முதல் படிக் கட்டணத்திலேயே போகும். அழகுக்காக உள்ளே ஒரு தாள் ஒட்டி, மேலே ரிப்பன் கட்டினால் அது தாண்டும், அந்தக் காசு வாங்குகிறவர் தலையில் விழும்.

4. இப்போது படம்

பழைய காலண்டர் படத்தை ஸ்கேன் செய்து போடலாமா என்று கேட்கிறார்கள். இந்தியாவில் ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. ரவிவர்மா 1906-இல் மறைந்தவர், அவர் ஓவியங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. காலண்டர் ஓவியர் கோவில்பட்டி கொண்டையராஜு மறைந்தது 1976-இல்தான், 2036 முடியும்வரை கை வைக்காதீர்கள். நடிகர் படமும் வேண்டாம். ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் 2015-இல், அனுமதியில்லாமல் அவர் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. எண்பதுகளின் கயிற்றுக்கடை ஞாபகத்தில் இன்று இறங்கினால் வக்கீல் நோட்டீஸ்தான் வாழ்த்தாக வரும்.

தெரிந்த ஓவியரிடம் காசு கொடுத்து வரையச் சொல்லுங்கள், கூடவே படத்தின் உரிமையை உங்களுக்குத் தருவதாக ஒரு பக்கத்துக்கு எழுத்தில் ஒப்பந்தமும் போட்டுக்கொள்ளுங்கள். எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால், சட்டப்படி ஐந்தாண்டு, இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். சிங்கப்பூருக்கோ கனடாவுக்கோ அனுப்பும் எண்ணமிருந்தால் "உலகம் முழுவதும்" என்று எழுதிவிடுங்கள். ஓவியர் பெயரைப் பின்பக்கம் போடுங்கள், செலவில்லாத மரியாதை.

எட்டு டிசைனில் ஐந்து பொங்கல், இரண்டு மாட்டுப் பொங்கல், ஒன்று எதுவும் எழுதாத வெறும் கோலம் என்பது என் பங்கீடு. அந்தக் கோலத்தைத்தான் மார்ச் மாதம்கூட யாராவது பிறந்தநாளுக்குக் கேட்டு வாங்குகிறார்கள்.

5. எழுத்தும் ஃபைலும்

"வாழ்த்துகள்" என்று போடுங்கள். "வாழ்த்துக்கள்" என்று போட்டால் தமிழாசிரியர் ஒருவர் கட்டாயம் எழுதிக் கேட்பார், வல்லினம் மிகாது என்று விளக்கத்தோடு. எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு. கூகுள் எழுத்துருக்களில் கவிவனார், மீரா இனிமை, பவனம், அரிமா எல்லாம் வணிகத்துக்கும் இலவசம். அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்துகளைப் படமாக, அதாவது கர்வ்ஸாக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அங்கே பழைய மென்பொருளில் திறக்கும்போது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து "பொங்கல்" வேறு ஏதோ ஆகிவிடும்.

படம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), நிறம் சிஎம்ஒய்கே (அச்சின் நாலு மைக்கான முறை). செங்கரும்பின் ஊதா கணினித் திரையில் ஜொலிக்கும், அச்சில் மங்கும், இதற்கு மருந்தில்லை, முதலிலேயே சிஎம்ஒய்கேவில் வைத்து வரைந்தால் ஏமாற்றம் குறையும். சின்ன எழுத்துகள் கறுப்பு ஒரே கலரில் மட்டும் இருக்கட்டும். இருண்ட பின்னணியில் பொடி எழுத்தை வெள்ளையாக விடாதீர்கள், "ணை"யின் சுழியெல்லாம் மையில் அடைந்துவிடும்.

வெளிப்பக்கத்தை விரித்து வைத்தால் வலது பாதிதான் முகப்பு. இதை மாற்றி வைக்காத புது ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒரு ஏ4 தாளை மடித்து, பேனாவால் முகப்பு, பின், உள் என்று எழுதி டம்மி செய்து ஃபைலோடு கொடுத்துவிடுங்கள்.

6. அச்சு நாள்

நேரில் போங்கள். முதல் நல்ல தாள் வந்ததும் பகல் வெளிச்சத்தில் பார்த்து, கையெழுத்துப் போட்டு, ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். மெஷின்மேனுக்கு டீ வாங்கிக் கொடுங்கள். வேறென்ன.

7. லேமினேஷன், கிரீசிங், உறை

வெளிப்பக்கம் மட்டும் மேட் (பளபளக்காத) லேமினேஷன், அதன்பிறகு கிரீசிங், அதாவது மடிக்கும் இடத்தில் மெஷினில் அழுத்திக் கோடு போடுவது, அதன்பிறகு மடிப்பு. கிரீசிங் போடாமல் கையால் மடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மடிப்பின் மேல் அடர் கலர் ஓடினால் லேமினேஷன் இருந்தாலும் கொஞ்ச நாளில் வெளிறும், அந்த இடத்தில் வெளிர் நிறமே நல்லது.

உறை 4.75×6.75. அட்டையை அச்சுக்குக் கொடுக்கும் அன்றே உறைக்கும் ஆர்டர் கொடுங்கள். இரண்டையும் சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் போடும் பழக்கத்தை விட்டுவிடலாம். 2022 ஜூலை 1 முதல் அமலில் உள்ள ஒருமுறைப் பிளாஸ்டிக் தடைப் பட்டியலில் அழைப்பிதழ்களைச் சுற்றும் பிளாஸ்டிக் தாளும் இருக்கிறது. வாழ்த்து அட்டை அழைப்பிதழ் இல்லையே என்று அதிகாரியிடம் வாதாடுவதைவிட ஒரு காகிதப் பட்டை சுற்றிவிடுவது எளிது.

8. விலையும் கடையும்

மொத்தச் செலவை 4000-ஆல் வகுக்காதீர்கள், 3000-ஆல் வகுங்கள். அழுக்கானது, கடையிலிருந்து திரும்பியது, தெரிந்தவர்களுக்குச் சும்மா கொடுத்தது எல்லாம் அந்த ஆயிரத்தில் அடக்கம். உதாரணத்துக்கு அடக்கம் ஒன்பது ரூபாய் வந்தால், விலை 30 வைத்து, கடைக்கு 12 போக உங்களுக்கு 18 நிற்கும். அதில்தான் வண்டிச் செலவும் அடுத்த வருடப் போர்டும்.

வாழ்த்து அட்டைக்கு ஐஎஸ்பிஎன் (புத்தகங்களுக்குத் தரும் எண்) தேவையில்லை, தரவும் மாட்டார்கள். ஜிஎஸ்டியில் இதன் எச்எஸ்என் (சரக்கு வகை) குறியீடு 4909, வரி விகிதத்தை உங்கள் ஆடிட்டரிடம் அன்றைய நிலவரப்படி கேளுங்கள். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு ஆன்லைனில் இலவசம், அதற்கு யாருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டாம். எட்டையும் சேர்த்துக் கட்டாக விற்றால் கட்டின் மேல் உங்கள் பெயர், முகவரி, எண்ணிக்கை, தயாரித்த மாதமும் வருடமும், எல்லா வரியும் சேர்ந்த விலை ஆகியவை இருக்க வேண்டும்.

புது ஆளுக்கு யாரும் ரொக்கம் தர மாட்டார்கள், விற்ற பிறகு பணம் என்பார்கள். சரி என்று சொல்லுங்கள், ஆனால் எண்ணிக்கை போட்டு சலானில் கையெழுத்து வாங்குங்கள், தை பிறந்த அடுத்த வாரமே மீதியை எடுக்கப் போய் நில்லுங்கள். ஒரு கடையில் நான் மாசியில் போனேன். மீதி அட்டைகளின் பின்பக்கமெல்லாம் கடன் கணக்கு எழுதியிருந்தது. உள்ளே எழுதவும் நன்றாக இருந்திருக்கும்.

கடைசியாக, அட்டையில் வருடம் போடாதீர்கள். திருவள்ளுவர் ஆண்டும் வேண்டாம், ஆசையாகத்தான் இருக்கும். வருடம் இல்லாத அட்டை அடுத்த பொங்கலுக்கும் சரக்கு. மிஞ்சியதை நூறு நூறாகக் கட்டி, தரையில் படாமல் அட்டைப்பெட்டியில் வையுங்கள், உறைகளைத் தனியாக. ஐப்பசி மழையில் பசை தானாக ஒட்டிக்கொள்ளும், பசை பூசாத உறை வாங்கினால் அந்தத் தொல்லையும் இல்லை.