பழைய எம்ஜிபி திறந்த கார்: திருகோணமலையில் வாங்குமுன் எங்கே பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

"முழுதாகத் திருத்தப்பட்டது" என்று எழுதி விற்பனைக்கு வரும் எம்ஜிபி மூன்று விதமாக இருக்கும். கறள் பிடித்த இரும்பை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து உடலை நேராக்கியது ஒன்று. எஞ்சினைத் திருத்தி, இருக்கை தைத்து, மேலே பெயின்ற் அடித்தது இன்னொன்று. பள்ளத்தை நிரப்பிப் பூசும் பட்டியும் பெயின்றும் மட்டும் மூன்றாவது. படத்தில் மூன்றும் ஒரே மாதிரி மின்னும். கேட்கும் விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில், கூரை மூடிய வகையையும் சேர்த்து, ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார் இது. அதனால் எஞ்சின், கியர்பெட்டி, பிரேக், வயர், ரப்பர் எல்லாவற்றுக்கும் உதிரிப்பாகம் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள்; இங்கிலாந்திலிருந்து பொதியாக வரவழைக்கலாம். உடல் வேலை அப்படியல்ல. இதற்குத் தனிச் சாசி கிடையாது, தாங்குவதற்குக் கூரையும் இல்லை. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே, கதவுகளுக்கு அடியில் ஓடும் இரண்டு இரும்புப் பெட்டிகள்தான் காரை வளையாமல் பிடித்து வைத்திருக்கின்றன. அவை போனால் கார் நடுவில் தொய்யும். ஆகவே பார்வையிடும் நேரத்தில் பாதியை இந்தப் பெட்டிகளுக்கே கொடுங்கள். எஞ்சின் பிறகு.

பின்புற விரிகுடா, டச்சு விரிகுடா, உட்துறைமுகம் என்று கடல் சூழ்ந்த ஊர் இது. வாடைக் காலத்தில் மழையோடு உப்பும் வரும். கச்சான் வீசும் மாதங்களில் ஈரம் காய்ந்து உப்பு மட்டும் மூலைகளில் தங்கும். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடலோரக் கொட்டிலில் சில வருடம் நின்ற கார் என்றால், மலைநாட்டிலிருந்து வந்த காரைவிட இரண்டு மடங்கு சந்தேகத்தோடு பாருங்கள்.

போகும்போது கையில்

துணி சுற்றிய சிறு காந்தம், நல்ல ரோச், கைக்கண்ணாடி, மீற்றர் நாடா, மொட்டை ஸ்குறூட்றைவர், இரண்டு தொன் ஜக், இரண்டு தாங்கி, கம்ப்றெஷன் கேஜ், பிளக் கழற்றும் ஸ்பானர், கீழே படுக்க ஒரு பழைய சாக்கு. காலையில் போங்கள். எஞ்சினைத் தொடாமல் வைக்கும்படி முதல் நாளே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். சூடேறிய எஞ்சின் பல குறைகளை மறைக்கும். கழுவி ஈரமாக நிற்கும் காரைப் பார்க்க வேண்டாம், ஈரத்தில் எந்தப் பெயின்றும் நன்றாகத்தான் தெரியும்.

கதவடிப் பெட்டி

முதலில் தள்ளி நின்று கதவின் இடைவெளியைப் பாருங்கள். கதவின் பின்விளிம்பில் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே ஒடுங்கி, கீழே அகன்று இருந்தால் உடல் தொய்ந்துவிட்டது. அடுத்து இரண்டு பேரை உள்ளே உட்கார வைத்துக் கதவைத் திறந்து மூடுங்கள். பூட்டு உரசினாலோ, கதவைத் தூக்கி மூட வேண்டியிருந்தாலோ அதே பதில்தான். இந்தச் சோதனைக்கு எந்த விற்பவரும் மறுப்புச் சொல்ல மாட்டார்.

பிறகு இரண்டு கதவுகளையும் திறந்து, வாசலின் முன்தூணிலிருந்து பின்தூண் வரை, மேல்மட்டத்தில் நாடா பிடித்து அளவுங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் 3 மில்லிமீற்றருக்குள் ஒத்து வந்தால் நல்லது. அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால், பெட்டியை வெட்டும்போது கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து இறுக்கவில்லை, அல்லது இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டியிருக்கிறார்கள். அப்படி வளைந்தபடி வெல்டிங் செய்த உடலை நேராக்க வேண்டுமானால் திரும்ப முழுவதும் வெட்டத்தான் வேண்டும்.

இப்போது கீழே படுங்கள். இந்தப் பெட்டி ஒரே தகடு அல்ல. வெளித்தகடு, நடுவில் செங்குத்தாக நிற்கும் தகடு, உட்பக்கத் தகடு, அடியில் நீர் வடியும் இடைவெளிகளோடு ஓடும் பகுதி என்று பல தகடுகள் அடிவிளிம்பில் ஒன்றுசேர்ந்திருக்கும். தொழிற்சாலை வேலையில் அந்த விளிம்பில் வட்டப் புள்ளிகளாக வெல்டிங் தெரியும். தொடர்ச்சியாக இழுத்த, மேடு பள்ளமான வெல்டிங் கோடு தெரிந்தால், உளுத்த தகட்டை எடுக்காமல் அதன்மேல் புதுத் தகட்டைப் போர்த்தியிருக்கிறார்கள். வெளியே ஒரு குறையும் தெரியாது. உள்ளே கறள் தன் வேலையைத் தொடரும், மூன்று நான்கு வாடைக்குள் புதுத் தகடும் போகும். நீர் வடியும் இடைவெளிகளில் தார்ப்பூச்சு அடைத்திருந்தால் அதுவும் கெட்ட அறிகுறிதான்.

விற்பவர் சம்மதித்தால், தொழிற்சாலை ஜக் வைக்கச் சொன்ன இடத்தில் ஜக் வைத்து ஒரு பக்கத்தை மெதுவாகத் தூக்குங்கள். நெரியும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். கார் எழும்பும்போது கதவு இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறக் கூடாது. ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலை வைக்கக் கூடாது, தாங்கி வைத்த பிறகே போங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி படங்கள். திருத்தியவரிடம் பெட்டி திறந்திருந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள்: பழைய தகடு வெட்டியெடுத்த நிலை, நடுத்தகடு புதிதாக வைத்த நிலை, மூடுமுன் உள்ளே பிறைமர் அடித்த நிலை. பெயின்ற் அடிக்கும் படங்கள் மட்டும் இருந்தால், திருத்தாத காரின் விலையையே பேசுங்கள்.

மற்ற கறள் இடங்கள்

முன் மட்கார்ட்டின் பின்கீழ் மூலையில் சில்லு எறியும் சேறு தங்கும். பின் மட்கார்ட்டில் சில்லுக்கு முன்னால் உள்ள கீழ்ப்பகுதியிலும் அப்படியே. காந்தத்தை இந்த இடங்களில் வைத்து, பிறகு நல்ல தகட்டில் வைத்து, பிடிப்பை ஒப்பிடுங்கள். பிடிப்பு மெலிந்தால் கீழே பட்டி தடிப்பாக இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: தொடக்ககாலக் கார்களின் பொனட் அலுமினியம். அங்கே காந்தம் ஒட்டாதது குறையல்ல, அசல் பொனட் தப்பியிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

இருக்கைக்குப் பின்னால், தரைக்கு அடியில் பற்றரித் தட்டு இருக்கிறது. 1974 வரையான கார்களில் 6 வோல்ற் பற்றரிகள் இரண்டு இருந்தன; இப்போது பெரும்பாலும் ஒரு 12 வோல்ற்றாக மாற்றியிருப்பார்கள். அமிலமும் உப்பும் சேர்ந்து அந்தத் தட்டை அரித்திருக்கும். அதன் அருகில்தான் பின் வில்லுத்தகட்டின் முன்முனை உடலோடு சேருகிறது; அங்கே ஸ்குறூட்றைவரால் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும், மொத்தென்று அல்ல. பெற்றோல் ராங்க் அடியிலிருந்து உளுப்பதில்லை. டிக்கித் தரைக்கும் ராங்கின் மேற்பக்கத்துக்கும் நடுவில் ஈரம் தங்கி, மேலிருந்துதான் ஓட்டை விழும். முழு ராங்க் பெற்றோலோடு மோந்து பார்த்தால் தெரியும்.

தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஹூட் (மடிக்கும் துணிக் கூரை) எங்கே ஒழுகினாலும் தண்ணீர் கடைசியில் அங்கேதான் வரும். ஹூட்டைப் போட்டு, முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் ஐந்து நிமிடம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதும் நல்லது. பின் பிளாஸ்ரிக் கண்ணாடி மங்கியிருந்தால் நம் வெயிலில் திரும்பத் தெளியாது, புது ஹூட்டின் செலவைக் கணக்கில் சேருங்கள்.

எஞ்சின்

1798 சீசீ, நாலு சிலிண்டர், இரட்டை எஸ்யூ காபுரேற்றர். கிராங்க் தண்டைத் தாங்கும் பெயாரிங்குகள் 1964 இன் பிற்பகுதியில் மூன்றிலிருந்து ஐந்தாக மாறின. ஐந்து பெயாரிங் எஞ்சின் உழைப்புக் கூடியது. நாலு பிளக்கையும் கழற்றி, பெற்றோல் மிதியை முழுக்க அழுத்திக் கம்ப்றெஷன் பாருங்கள். 160 பி.எஸ்.ஐ. அளவில் இருந்தால் சந்தோசம். எண்ணைவிட ஒற்றுமை முக்கியம்: சிலிண்டர்களுக்கிடையே பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் குறைந்திருந்தால், ஹெட் கஸ்கற் அந்த இடத்தில் போயிருக்கிறது.

ஒயில் அழுத்தத்தை எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே பாருங்கள். ஓட்டத்தில் 50 முதல் 80 பி.எஸ்.ஐ., ஐடிலில் 10 முதல் 25. குளிரில் எந்தத் தேய்ந்த எஞ்சினும் 60 காட்டும்.

வால்வு இருக்கை பற்றிக் கட்டாயம் கேளுங்கள். 2002 இலிருந்து இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் இல்லை. இந்த வார்ப்பிரும்பு ஹெட் ஈயத்தை நம்பிச் செய்தது. ஈயம் இல்லாமல் வேகமாக ஓடினால் எக்ஸோஸ்ற் வால்வு இருக்கையைத் தின்று உள்ளே இறங்கும், வால்வு இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே போகும். கடினமாக்கிய இருக்கை வளையம் போட்ட பற்றுச்சீட்டு இருக்க வேண்டும். இடைவெளி 0.015 அங்குலம். கம்ப்றெஷன் விகிதம் 8.8 என்பதால் 95 ஒக்ரேன் பெற்றோலே இதற்கு ஏற்றது.

சூடு இந்த ஊரில் தனிச் சோதனை. நகரத்தில் ஒரு சுற்று ஓடிவிட்டு, மத்தியான வெயிலில் பதினைந்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஊசி ஏறிக்கொண்டே போனால் ரேடியேற்றர் அடைபட்டிருக்கிறது. கடலோரக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய கார்களில் இது சகஜம். சவர் உள்ளே படியும், ஹெட்டையும் அரிக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்றும் மட்டுமே ஊற்ற வேண்டும். தேர்மோஸ்ரற் வழக்கமாக 82 பாகை, வெப்ப நாட்டுக்கு 74 பாகை வகை கிடைக்கிறது.

ஐடில் ஏறி இறங்கினால், காபுரேற்றரின் திறொட்டில் அச்சு இரு முனையிலும் கொஞ்சம் டபிள்யூடி-40 தெளியுங்கள். சத்தம் மாறினால் அச்சு தேய்ந்து காற்று இழுக்கிறது. எத்தனை தரம் ரியூன் செய்தாலும் அது நிற்காது, அச்சும் புஷ்ஷும் மாற்ற வேண்டும்.

வயரில் ஒரு எச்சரிக்கை: 1967 வரையான கார்களில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இது தெரியாமல் இக்கால ரேடியோ பூட்டினால் ரேடியோ எரியும், சிலவேளை வயரும் எரியும். மாற்றியிருந்தால் பற்றரிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

முன்சில்லும் கம்பிச் சில்லும்

முன்சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் சில்லுப் பெயாரிங், நிற்காவிட்டால் கிங்பின் (முன்சில்லு இடம் வலம் திரும்பும் செங்குத்து அச்சு). கிங்பினுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்க வேண்டும், ஒவ்வொரு பக்கமும் மூன்று நிப்பிள். அதன்மேல் பெயின்ற் அப்பியிருந்தால் கிறீஸ் கண்டு நாளாகிறது.

கம்பிச் சில்லுக் கார் என்றால் ஒரு பின்சில்லைத் தூக்கி, ஹாண்ட்பிரேக் இழுத்து, சில்லை முன்னும் பின்னும் அசையுங்கள். அச்சு அசையாமல் சில்லு மட்டும் "கிளக்" என்றால் சில்லையும் ஹப்பையும் பிணைக்கும் பற்கள் தேய்ந்துவிட்டன. ஹப்பும் சில்லும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்னும்.

ஓட்டிப் பார்ப்பது

ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் இழுங்கள், பிறகு கண்டி வீதியில் கந்தளாய்ப் பக்கம் நீட்டாகப் போங்கள். 1967 வரையான கார்களில் முதல் கியருக்கு ஒத்திசைவு கிடையாது, ஓட்டத்தில் போட்டால் கறகறக்கும், அது குறையல்ல. இரண்டாம் கியர் கறகறத்தால் குறை. ஓவர்ட்றைவ் (அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் துணைக் கியர்) இருந்தால் நாலாம் கியரில் 65 கிலோமீற்றர் வேகத்தில் சுவிச்சைப் போடுங்கள்: நிமிடத்துக்கு 2,250 சுற்று 1,850 அளவுக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஓவர்ட்றைவ் பெட்டியைக் குறை சொல்லுமுன் ஒயில் மட்டத்தையும் வயரையும் பாருங்கள், அநேகமாக அங்கேதான் இருக்கும். பெற்றோல் மிதியை விட்டு மிதிக்கும்போது பின்னால் ஒரு இடி கேட்டால் டிஃபரன்ஷலின் வாஷர்கள் தேய்ந்திருக்கலாம், மலிவான வேலை.

பிரேக் பிடிக்கையில் ஒரு பக்கம் இழுத்தால், நின்று போன காரின் வியாதி: பிரேக் ஒயிலில் தண்ணீர் சேர்ந்து கலிப்பர் பிஸ்ரன் இறுகியிருக்கிறது.

பத்திரம்

பதிவுச் சான்றிதழில் உள்ள இலக்கங்களைப் பொனட்டுக்குள் இருக்கும் தகட்டோடும் எஞ்சினோடும் நீங்களே ஒப்பிடுங்கள். திறந்த எம்ஜிபியின் சாசி இலக்கம் ஜி-எச்-என் என்று தொடங்கும். பின்னால் வரும் 3, 4, 5 எந்தக் காலத்துக் கார் என்று சொல்லும். ஜப்பான் எஞ்சின் பூட்டியிருந்தால் அந்த மாற்றம் சான்றிதழில் ஏறியிருக்க வேண்டும். ஓப்பின் பேப்பரில் (உரிமையைப் பெயர் மாற்றாமல், கையொப்பமிட்ட படிவத்தோடு மட்டும்) கைமாறி வரும் காருக்கு, பதிவில் உள்ள உரிமையாளரை நேரில் காணாமல் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம்.

வாங்கிய முதல் வாரத்தில் பிரேக் ஒயில் முழுவதையும் மாற்றி, எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 ஒயில் விட்டு, எல்லா நிப்பிளுக்கும் கிறீஸ் அடியுங்கள். கதவடிப் பெட்டிகளுக்குள் நீண்ட குழாயால் மெழுகுப் பூச்சு அடித்து, கீழ் இடைவெளிகளில் வழிந்து வரும்வரை விடுங்கள். காய்ந்ததும் அந்த இடைவெளிகளைக் கம்பியால் குத்தித் திறவுங்கள். இதை ஒவ்வொரு ஐப்பசியிலும், வாடை தொடங்குமுன், திரும்பச் செய்யுங்கள்.