கலிம்னோஸில் பாறையேறப் போகிறீர்களா? 60 மீட்டர் கயிறும் வேறு சில தவறுகளும்

அக்டோபர் பிறந்தால் கிரேக்கத் தீவான கலிம்னோஸின் மசூரி கிராமத்தில் தெருவெல்லாம் கயிற்றுப் பைகள்தான். 1990களின் பிற்பாதியில் இத்தாலியர் ஆண்ட்ரியா டி பாரி இங்கே ரூட்கள் (பாறையில் ஏறும் பாதைகள்) போடத் தொடங்கியதிலிருந்து, கடற்பஞ்சுக்குப் பேர்போன தீவு, பாறையில் அடித்த போல்ட்டுகளில் கயிற்றை மாட்டி ஏறும் ஸ்போர்ட் கிளைம்பிங்குக்கும் பேர்போனதாகிவிட்டது. முதன்முறை வருகிறவர்கள் செய்யும் தவறுகள் மட்டும் ஆண்டுதோறும் மாறுவதே இல்லை. சன்ஸ்கிரீனை மறப்பதற்கெல்லாம் யாரும் புத்தி சொல்ல வேண்டாம், ஒரே நாளில் தானாகத் தெரிந்துவிடும்.

60 மீட்டர் கயிறு போதும் என்று வருவது

கர்நாடகாவின் பாதாமி மணற்பாறையில் பழகியவர்களிடம் பெரும்பாலும் 60 மீட்டர் கயிறுதான் இருக்கும். அங்கே அது தாராளம். கலிம்னோஸில் 30 மீட்டர் ரூட் சர்வசாதாரணம், 35, 40 மீட்டரும் உண்டு. ஏறியவரை ஆங்கரிலிருந்து (ரூட்டின் உச்சியில் கயிற்றைக் கோக்கும் பிடிமானம்) இறக்க, கயிறு மேலே போய் மறுபடி கீழே வர வேண்டும். ஆக 60 மீட்டர் கயிறு 30 மீட்டருக்குத்தான். அதுவும் கணக்கில் மட்டுமே. இடுப்பில் கட்டும் ஹார்னஸில் முடிச்சுப் போட ஒரு மீட்டர் போகும், பிலேயர் (கீழே நின்று கயிற்றைப் பிடிப்பவர்) தள்ளி நின்றால் இன்னும் இரண்டு மூன்று மீட்டர் போகும். பழைய கயிறு சுருங்கியிருக்கும், தேய்ந்த முனையை யாராவது வெட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் வெட்டிய கயிற்றில் நடுக்குறி நடுவில் இருக்காது. அதை நம்பிக் கணக்குப் போட்டால் அதுவும் தப்பும்.

ஏறும்போது எதுவும் தெரியாது. 35 மீட்டர் ஏற 35 மீட்டர் கயிறுதான் செலவாகும், மீதி காலடியில் கிடக்கும். இறக்கும்போது பிலேயரின் கண் மேலேயே இருக்கும், கயிற்றின் வால் குறைவதை யாரும் கவனிப்பதில்லை. முனை பிலே கருவியை விட்டு நழுவியதும் மேலே இருப்பவர் விழுகிறார். கயிற்றைத் தானாகப் பிடிக்க உதவும் கிரிகிரி என்ற பிலே கருவி வைத்திருந்தாலும் இதேதான். பிடிப்பதற்குக் கயிறு இருந்தால்தானே அது பிடிக்கும்!

எக்ஸ்டென்ஷன்கள் இன்னும் பெரிய பொறி. 25 மீட்டரில் ஒரு ஆங்கர், அதற்கு மேல் 40 மீட்டர் வரை தொடர்ச்சி. ஏறியவர் உற்சாகத்தில் "மேலயும் போறேன்" என்று கத்துவார், 70 மீட்டர் கயிற்றோடு கீழே நிற்பவரும் யோசிக்காமல் தலையாட்டுவார்.

80 மீட்டர் கயிறு கொண்டுவாருங்கள், மிகக் குறைந்தது 70. 9.4 மி.மீ. கயிறு மீட்டருக்குச் சுமார் 60 கிராம் என்பதால் 10 மீட்டர் கூடினால் 600 கிராம்தான் கூடும். பையின் எடைக்குப் பயந்து 60 மீட்டரைக் கொண்டுவந்தவர் அதே பையிலிருந்து மூன்று ஜீன்ஸை எடுத்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

எவ்வளவு நீளக் கயிறானாலும் கீழ்முனையில் பேரல் முடிச்சு போட்டு 30 செ.மீ. வால் விடுங்கள், அல்லது கயிற்றுப் பையின் வாரில் கட்டிவிடுங்கள். ஹார்னஸில் போட்ட 8 வடிவ முடிச்சையும் பிலே கருவியையும் சரிபார்க்கும்போதே இதையும் பார்க்க வேண்டும். எக்ஸ்டென்ஷனிலிருந்து இறங்கக் கயிறு பற்றாது என்று தெரிந்தால் நடு ஆங்கரில் நின்று ஸ்லிங்கால் (நாடா வளையம்) உங்களைப் பிணைத்துக்கொள்ளுங்கள். கயிறு கைநழுவிப் போகாதபடி அதில் ஒரு வளையம் போட்டு ஹார்னஸில் மாட்டுங்கள். பிறகு முனையை அவிழ்த்து, மேலிருந்து கயிற்றை இழுத்து, இந்த ஆங்கரில் கோத்து மறுபடி கட்டிக்கொண்டு இறங்கலாம். இது நேர்ச்சுவருக்குத்தான் சரிப்படும். கிராண்டே க்ரோட்டா மாதிரிக் குகையில் ஆங்கர் கைக்கு எட்டாமல் அந்தரத்தில் தொங்குவீர்கள்.

போல்ட்டில் கயிற்றை மாட்டும் குயிக்ட்ரா 12 போதாது. 16 வேண்டும், நீள ரூட்டுக்கு 18.

வெயில் எந்தப் பக்கம் என்று பார்க்காதது

மசூரிக்கு மேலே இருக்கும் கிராண்டே க்ரோட்டா, பானோரமா சுவர்கள் மேற்குப் பக்கம் பார்த்தவை. காலையில் நிழல், மதியத்துக்குப் பின் பொழுது சாயும்வரை வெயில். பத்து மணிக்குக் காபி குடித்துவிட்டு மெல்ல ஏறிப் போகிறவர்களுக்கு இரண்டு ரூட் கிடைத்தால் அதிகம். ஜூலை, ஆகஸ்டில் கிட்டவே வர வேண்டாம். மார்ச்சில் வெயில் இதமாக இருக்கும், ஆனால் குளிர்கால மழைநீர் டூஃபாக்களில் (சுவரில் துருத்தி நிற்கும் சுண்ணாம்புப் படிவுகள்) கசிந்துகொண்டிருக்கலாம்.

படகு நேரம் பார்க்காமல் விமான டிக்கெட் போடுவது

பெரும்பாலோர் இறங்குவது பக்கத்துத் தீவான காஸில். அங்கே மஸ்திஹாரி துறையிலிருந்து கலிம்னோஸின் துறைமுகமான போத்தியாவுக்குப் படகு. இரவில் தரையிறங்கினால் கடைசிப் படகு போயிருக்கும், அறை வாடகை தண்டம். படகு நேரத்தை முதலில் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். காற்று பலமானால் படகே ஓடாது. எனவே திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே காஸுக்கு வந்துவிடுவது நல்லது. ஐரோப்பிய நகரங்களிலிருந்து காஸுக்கு நேராக வரும் விமானங்களில் பெரும்பாலானவை குளிர்காலத்தில் ஓடுவதில்லை, அப்போது ஏதென்ஸ் வழியாகத்தான் வர வேண்டும்.

ஹெல்மெட்

ஆடுகள் மேலிருந்து கல்லைத் தள்ளிவிடும். பிலேயரும் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாளில் விரல் தோலைத் தீர்ப்பது

சுண்ணாம்புப் பாறை கூரானது. முதல் நாள் உங்கள் வழக்கமான கிரேடுக்கு (ரூட்டின் கடினத் தரம்) இரண்டு படி கீழே ஏறுங்கள், மூன்றாம் நாள் ஓய்வு.

பளபளக்கும் போல்ட்டை நம்புவது

கடலோரத்தில் உப்பு ஸ்டெயின்லெஸ் எஃகுக்குள் நுண்விரிசல் உண்டாக்கும், வெளியே துரு தெரியவே தெரியாது. இதனால்தான் கடலோரப் பாறைகளில் டைட்டானியம் போல்ட்டுக்கு மாறுகிறார்கள். பழைய ரூட்டாக இருந்தால், எப்போது மறுபடி போல்ட் போட்டார்கள் என்று உள்ளூர் கிளைம்பிங் கடையில் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

விசாவுக்கு எடுத்த இன்சூரன்ஸே போதும் என்று இருப்பது

ஷெங்கன் விசா கேட்பது குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, அவ்வளவுதான். அந்த மலிவான பாலிசிகள் பலவற்றில் பாறையேற்றம் விலக்குப் பட்டியலில் இருக்கும். உரிய லைசென்ஸ் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தாலும் பணம் வராது. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், இருசக்கர வாகனத்துக்குச் செல்லும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள். பாலிசியில் பாறையேற்றத்துக்குக் கூடுதல் கவர் சேர்க்கும்போது மீட்புச் செலவும் அதில் வருகிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.