தோள்பட்டைக் காயத்துக்குப் பிறகு தரையிறங்கும்போது இடப்பக்கம் வெட்டித் திரும்பிய பாராசூட்: என் அனுபவம்

வலது தோள்பட்டை விலகிக் குணமாகி, டாக்டர் சரி என்று சொல்லி, கலிபோர்னியாவின் பெரிஸில் மறுபடி ஸ்கைடைவிங் தொடங்கியதிலிருந்து ஒரே தொல்லை. தரைக்கு மிக அருகில் இரண்டு டாகிளையும் (பிரேக் கயிற்றின் கைப்பிடிகள்) இழுத்து ஃப்ளேர் செய்ததும், அதாவது இறங்கும் வேகத்தைக் குறைத்ததும், பாராசூட் இடது பக்கம் வெட்டித் திரும்பும். ஒருவழியாகக் காரணம் பிடிபட்டுவிட்டது, பெரிய நிம்மதி.

ஏ லைசென்ஸ் என்ற முதல் நிலை உரிமம் வைத்திருப்பவர்கள் 60 நாள் குதிக்காமல் இருந்தாலே பயிற்றுநர் மேற்பார்வையில் ஒருமுறை குதிக்கச் சொல்கிறது அமெரிக்க பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏ. அதை முடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். கூடக் குதிப்பவர்களிடம் கேட்டால், பிரேக் கயிறு ஒன்று சுருங்கியிருக்கும் என்றார்கள். பாராசூட்டைச் சரிபார்க்கும் ரிக்கர் அளந்து பார்த்தார், இரண்டும் சமம். பக்கவாட்டுக் காற்று என்றார்கள், காற்றே இல்லாத காலையிலும் அதே கதை. பெரிய பாராசூட்டை வாடகைக்கு எடுத்தேன். வேகம் குறைந்ததே தவிர திருப்பம் போகவில்லை.

அப்புறம் அனுபவசாலி ஒருவர் எதிரே நின்று வீடியோ எடுத்தார். இடது கை இடுப்பு வரை வந்திருக்க, வலது கை மார்போடு நின்றிருந்தது! வலி துளியும் இல்லாததால் எனக்குத் தெரியவே இல்லை. 3,000 அடியில் ஃப்ளேர் பழகும்போதும் திரும்பியிருக்கும், தரை அவ்வளவு தூரத்தில் இருக்கையில் கண்ணுக்குப் படாது.

கைகளை விரித்து இழுக்காமல், முகத்துக்கு முன்னால் ஒட்டிக் கொண்டுவந்து, தோள் மட்டத்துக்கு வந்ததும் மேசையில் ஊன்றி எழுவதுபோல் இரண்டையும் கீழே அழுத்தச் சொன்னார். அடுத்த குதிப்பிலேயே நேராக இறங்கினேன். பிசியோ தந்த ரப்பர் பட்டைப் பயிற்சி தொடர்கிறது. முழு வலு வரும்வரை பெரிய பாராசூட்தான்.