பல் மருத்துவக் கல்லூரிச் செய்திமடலுக்கு எழுதும் முறை

மதுரையிலுள்ள பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் செய்திமடலைத் தயாரிப்பவர், ஒவ்வொரு துறைக்கும் நேரில் சென்று செய்திகளைக் கேட்டுப் பெற வேண்டும். முதல்வர் அலுவலகத்துக்கு வந்து சேர்பவற்றை மட்டும் நம்பினால், பயிற்சி மருத்துவர்களின் உழைப்பு பெரும்பாலும் விடுபட்டுப் போகும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது முகாம் செய்திக்குத்தான். மேலூரிலோ உசிலம்பட்டியிலோ நடந்த முகாமைப் பற்றி ‘இனிதே நடைபெற்றது’ என்று எழுதுவதால் எவருக்கும் எதுவும் விளங்கப் போவதில்லை. எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டனர், எத்தனை பேருக்குச் சொத்தைப் பல் இருந்தது, அவர்களில் எத்தனை பேர் பின்னர் கல்லூரிக்கு வந்து சிகிச்சையை முடித்துக்கொண்டனர் என்பதைப் பதிவேட்டைப் பார்த்து எழுத வேண்டும். மூன்றாவது எண் சிறியதாக இருந்தாலும் அதை மறைக்கக் கூடாது. பாக்கு மெல்லும் பழக்கத்தால் வாய் இறுகி, இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்க முடியாமல் வந்தவர் இருந்தால், அந்நிலை புற்றுநோயாக மாறக்கூடும் என்பதால், அவர் எத்துறைக்கு அனுப்பப்பட்டார் என்பதையும் சேர்க்கலாம். பெயரும் ஊரும் வேண்டாம். முகம் தெரியும் படத்துக்கு எழுத்துமூல ஒப்புதல் கட்டாயம்.

மாநாட்டுப் பரிசு என்றால், அது கட்டுரை வாசிப்புக்கா சுவரொட்டி விளக்கத்துக்கா, போட்டியிட்டோர் பி.டி.எஸ். (இளநிலை) மாணவர்களா எம்.டி.எஸ். (முதுநிலை) மாணவர்களா என்பதைக் குறிப்பிடுக. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத் தேர்வில் ஒருவர் பதக்கம் பெற்றிருந்தால், பாடத்தையும் ஆண்டையும் சான்றிதழோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே அச்சுக்கு அனுப்புக; தலைப்பெழுத்து மாறினால் பெற்றோர் மன்னிப்பதில்லை.

மார்ச் 20, உலக வாய்நல நாளையொட்டிக் குத்துவிளக்கேற்றும் படங்கள் குவியும். அவற்றுள் ஒன்று போதும்; மற்ற இடத்தைப் பல் மாதிரியில் துலக்கப் பழகும் பள்ளிக் குழந்தைகளுக்குக் கொடுப்பது நலம்.