காலம் கடந்து போகிறவனின் மனம்: கதை எழுதும் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் கிளிநொச்சிப் பக்கத்து வாசிகசாலை ஒன்றில் கதை எழுதும் பிள்ளைகளோடு இருப்பேன். அவர்கள் கொண்டுவரும் கதைகளில் இப்போது காலப்பயணக் கதைகள் கூடிவிட்டன. ஏன் என்று கேட்கத் தேவையில்லை. திரும்பிப் போய்ப் பார்க்க ஆசைப்படும் ஒரு நாள் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. இயந்திரத்தைப் பிள்ளைகள் நன்றாகவே எழுதுகிறார்கள். ஒரு தம்பி பழைய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் எஞ்சினை வைத்துக் காலப்பொறி செய்திருந்தான். கண்ணால் பார்ப்பது போல இருந்தது. ஆனால் அதில் ஏறிப் போகிறவனின் மனம்தான் பெரும்பாலான கதைகளில் இல்லை. வவுனியாவுக்கு பஸ் ஏறிப் போய் வந்தவன் போல, போகிறான், பார்க்கிறான், திரும்புகிறான். உடம்பு ஒரு நொடியில் போய்ச் சேரட்டும். மனம் பின்னால் நடந்துதான் வரும். அது வந்து சேரும் முன் நடப்பதுதான் கதை என்பது என் எண்ணம்.

இதற்கு ஒரு சின்ன உதாரணம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1996 மே மாதம் இலங்கையின் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணிநேரத்தைக் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஆனது. வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியோ பழைய நேரத்திலேயே இருந்தது. ஆகவே ஏறக்குறைய பத்து ஆண்டுகள், வவுனியாவில் பத்து மணி என்றால் எல்லைக்கு இப்பால் ஒன்பதரை. 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகு எல்லைச் சோதனைச்சாவடி இருந்த ஓமந்தையைத் தாண்டி வடக்கே வந்த ஒவ்வொருவரும் அரை மணிநேரம் பின்னால் போனவர்கள்தான். மணிக்கூட்டு முள்ளைத் திருப்ப ஒரு நொடி போதும். ஆனால் "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்காமல் யாரையும் எங்கேயும் வரச்சொல்ல முடியாது. இரண்டு நேரத்தையும் தலைக்குள் வைத்துக்கொண்டு திரிய வேண்டும். அரை மணிநேரத்துக்கே இந்தப் பாடு என்றால், முப்பது ஆண்டுகள் பின்னால் போகிறவன் இறங்கிய உடனே தெளிவாகக் கதைக்கத் தொடங்குவது எப்படி? பிள்ளைகள் செய்யும் முதல் தவறு இது.

மனம் நேரத்தை எவ்வளவு சுலபமாகத் தவறவிடும் என்பதற்கு மிஷேல் சிஃபர் சாட்சி. பிரெஞ்சு நிலவியலாளரான அவர் 1962 ஜூலை 16 ஆம் தேதி, 23 வயதில், மணிக்கூடு இல்லாமல் அல்ப்ஸ் மலையின் ஒரு குகைக்குள் தனியாக இறங்கினார். செப்டெம்பர் 14 ஆம் தேதி வெளியே கொண்டுவந்தபோது அவருடைய கணக்கில் அன்று ஓகஸ்ட் 20. இருபத்தைந்து நாள்களை மனம் தொலைத்திருந்தது. விநாடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணச் சொன்னபோது அவர் எண்ணி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. அவருக்கு அது இரண்டு நிமிடம். கதையில் வருகிறவன் வந்திறங்கிய முதல் சில நாள்கள் இப்படித்தான் இருப்பான்: நேரம் கெட்ட நேரத்தில் பசிக்கும், தூக்கம் வராது, வெயில் ஏறுவதைப் பார்த்தும் காலையா மாலையா என்று சந்தேகம் வரும். இதற்கு இரண்டு பந்தி கொடுங்கள். வாசிப்பவர் அதற்குப் பிறகு வருகிற எல்லாவற்றையும் நம்புவார்.

இரண்டாவது தவறு, நினைவை நிழற்படம் போல எழுதுவது. கடந்த காலத்துக்குப் போகிறவன் தான் நினைத்து வைத்திருந்ததை அப்படியே காண்பதாக எழுதுகிறார்கள். நினைவு அப்படி வேலை செய்வதில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது. 1974 இல் எலிசபெத் லோஃப்டஸும் ஜோன் பாமரும் ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் "மோதின" என்று சிலரிடமும், என்ன வேகத்தில் "மோதி நொறுங்கின" என்று சிலரிடமும் கேட்டார்கள். "நொறுங்கின" என்ற சொல்லைக் கேட்டவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். ஒரு சொல் போதுமாக இருந்தது. அப்படியென்றால் முகாமிலும், பிறகு தறப்பாள் கொட்டிலிலும், பிறகு வெளிநாட்டுத் தொலைபேசியிலும் நூறு முறை சொல்லிச் சொல்லித் தேய்ந்த ஒரு வீடு எப்படி மாறியிருக்கும்? திரும்பிப் போனவன் முற்றத்தில் நின்று, "இந்த மாமரம் இவ்வளவு சின்னனா?" என்று திகைப்பான். கிணறு வேறு பக்கம் இருக்கும். அப்பாவின் குரல் அவன் காதில் வைத்திருந்த குரலாக இருக்காது. தான் இத்தனை காலம் வைத்து அழுதது இதையல்ல என்று அவனுக்குத் தெரியும் அந்தக் கணம், இயந்திரம் வெடிப்பதைவிடப் பெரியது. அதைத் தாண்டி ஓடாதீர்கள்.

நினைவை அழித்துவிடும் உத்தியையும் கொஞ்சம் பார்த்துக் கையாளுங்கள். பயணத்தில் பழைய நினைவு எல்லாம் போய்விடுகிறது, ஆனாலும் நாயகன் நாளைக்கு என்ன செய்வது என்று கெட்டிக்காரத்தனமாகத் திட்டம் போடுகிறான் என்று பலர் எழுதுகிறார்கள். உளவியலாளர் எண்டல் டல்விங், மனம் பின்னும் முன்னும் போய்வருவதை "மனக் காலப்பயணம்" என்று அழைத்தவர், கே.சி. என்ற எழுத்துகளால் அறியப்பட்ட கனடா நாட்டவர் ஒருவரை நீண்டகாலம் ஆராய்ந்தார். 1981 இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளை அடிபட்டவர் அவர். தன் வாழ்வில் நடந்த ஒரு சம்பவத்தையும் அவரால் நினைவுகூர முடியவில்லை. நாளைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டாலும் அதே வெறுமைதான். நேற்றுக்குப் போகும் வழியும் நாளைக்குப் போகும் வழியும் மனத்துக்குள் ஒன்றுதான் என்பதை அவரிடமிருந்து கற்றார்கள்.

இனி, இங்கே எழுதப்படும் கதைகளில் அதிகம் வருவதும் அதிகம் பிழைப்பதுமான இடம். ஒருவன் போரின் கடைசி மாதங்களுக்கு, 2009 ஜனவரிக்குப் போகிறான். என்ன நடக்கப்போகிறது என்று அவனுக்குத் தெரியும். சனங்களை எச்சரித்துக் காப்பாற்றுகிறான். அறிவு அவனுக்கு ஆயுதமாகிவிடுகிறது.

பிள்ளைகளே, கொஞ்சம் நின்று யோசியுங்கள். கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், கடைசியில் முள்ளிவாய்க்கால் என்று நடந்த சனம், ஒவ்வொரு இடத்திலும் தங்களுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் முடிவெடுத்தது. வீட்டுக் கூரையைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள் என்றால், அடுத்த இடத்தில் வீடு போட வேண்டிவரும் என்று நம்பினார்கள் என்று பொருள். முடிவு தெரிந்தவனுக்கு அது எல்லாம் தவறாகத் தெரியும். 1975 இல் பாரூக் ஃபிஷ்ஹோஃப் செய்த ஆய்வுகள் காட்டியது இதைத்தான்: ஒரு நிகழ்வின் முடிவைச் சொல்லிவிட்டால், அது முன்பே ஊகிக்கக்கூடியதாக இருந்தது என்று மனம் நினைத்துக்கொள்கிறது. "அப்பவே தெரிந்திருக்க வேணும்" என்ற எண்ணம். உயிர் தப்பிய எத்தனையோ பேரை இந்த எண்ணம் இன்றைக்கும் இரவில் தூங்கவிடாமல் தின்கிறது. உங்கள் நாயகன் இதைத் தன் தோளில் தூக்கிக்கொண்டுதான் போவான். அவன் எச்சரித்தால் யார் நம்புவார்கள்? நம்பினாலும் எங்கே போவார்கள்? ஒருவரைக் காப்பாற்றினால் மற்றவரை ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்வி அவனோடு திரும்பி வரும். தெரிந்திருப்பது அவனைப் பலசாலியாக்காது, தனியனாக்கும். பங்கருக்குள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அந்த ஒருவன் மட்டும் நாளைய தேதியை எண்ணிக்கொண்டிருப்பான்.

பெரிய சரித்திரத்தை மாற்றத்தான் அவன் போவான் என்றும் எண்ணாதீர்கள். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன், "திரும்பிப் போக முடிந்தால் என்ன செய்வீர்கள்?" என்று. ஒரு அம்மா சொன்னார், மகன் கடைசியாக வீட்டை விட்டு வெளிக்கிட்ட அன்று அடுப்பில் புட்டு இருந்ததாம், அவசரத்தில் சாப்பிடாமல் போய்விட்டானாம். அந்தப் புட்டைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

இதிலிருந்து வருவதுதான் நான் மிகவும் கவலைப்படும் தவறு. போகிறவனை மட்டும் எழுதி, விட்டுப்போனவர்களை மறந்துவிடுவது. ஒருவன் இருபது ஆண்டுகள் முன்னே தாவுகிறான் என்று வையுங்கள். அவனுக்கு அது ஒரு கண் சிமிட்டல். வீட்டில் இருப்பவர்களுக்கு அவன் காணாமல் போனவன். இந்தச் சொல்லின் எடை இந்த மண்ணில் எல்லோருக்கும் தெரியும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 ஆம் தேதி கிளிநொச்சியில் கந்தசாமி கோயிலடியில் அமர்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தாய்மாரின் கையில் இருந்த படங்களில் பிள்ளைகளுக்கு வயது ஏறவில்லை. தாய்க்கு மட்டும் ஏறியது. இறந்துவிட்டான் என்று அந்திரட்டி செய்யவும் முடியாது, வருவான் என்று கதவைத் திறந்து வைத்திருக்காமல் இருக்கவும் முடியாது. போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். முடிவு தெரியாததால் துக்கம் முடியவே முடியாமல் நிற்கும் நிலை.

இப்போது உங்கள் நாயகன் இருபது ஆண்டுகள் தாவி வந்து படலையைத் திறக்கிறான். அவன் போன அதே வயது. அம்மாவுக்கு எழுபது. அவர் ஓடிவந்து கட்டிப்பிடிப்பார் என்று எழுதிவிடாதீர்கள். முதலில் நம்பமாட்டார். பிறகு கோபம் வரலாம். "எங்கேயடா இருந்தாய்?" என்ற கேள்விக்கு "எனக்கு இது நேற்று" என்பதுதான் அவனிடம் உள்ள பதில், அந்தப் பதில் அவரை எப்படி வெட்டும் என்று எண்ணிப் பாருங்கள். அவர் அழுத ஏழாயிரத்துச் சொச்சம் இரவுகளில் ஒன்றுகூட அவனிடம் இல்லை. இந்தக் குற்ற உணர்வுக்கு அவன் ஒரு குற்றமும் செய்திருக்க வேண்டியதில்லை.

திரும்பி வந்ததோடு கதையை முடிப்பதும் இதே வகைதான். செர்கேய் கிரிகலேவ் 1991 மே மாதம் சோவியத் ஒன்றியத்திலிருந்து விண்வெளிக்குப் போனார். 311 நாள்கள் கழித்து 1992 மார்ச்சில் இறங்கியபோது அவரை அனுப்பிய நாடே இல்லை. அவர் பிறந்த லெனின்கிராட், சென் பீட்டர்ஸ்பேர்க் ஆகிவிட்டிருந்தது. இறங்கிய மண் கஸகஸ்தான் என்ற தனி நாடு. ஆறு பயணங்களில் 803 நாள்கள் விண்ணில் வேகமாகச் சுற்றியதால் சார்பியல் விதிப்படி அவர் நம்மைவிட ஏறக்குறைய 0.02 விநாடி இளமையானவர். கணக்குப் பார்த்தால் உண்மையான காலப்பயணிதான். ஆனால் அந்த 0.02 விநாடியைவிட அந்த 311 நாள்கள்தான் தூரம். நம் ஆட்களில் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு கனடாவிலிருந்து வந்து ஏ9 வீதியில் இறங்கி நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கேட்கும் கடை இப்போது இல்லை, விசாரிக்கும் ஆள் இல்லை, கதைக்கும் தமிழில்கூட அவர்கள் நாட்டை விட்டு வெளிக்கிட்ட ஆண்டு நின்றுபோயிருக்கிறது. அவர்களோடு ஒரு பின்னேரம் இருந்து கேளுங்கள். எந்த விஞ்ஞானப் புத்தகத்தைவிடவும் உதவும்.

கடைசியாக, இது எழுத்துத் தவறு மட்டுமல்ல, மனிதரை நோகடிக்கும் தவறு. போரின் அதிர்ச்சியால் திடீரென்று பழைய கணத்துக்குள் விழுந்துவிடுகிறவர்களைக் காலப்பயணிகளாக்கி, அதை ஒரு அதிசய சக்தி போல எழுதுவது. பட்டாசுச் சத்தத்துக்கு ஒருவர் நிலத்தில் குப்புறப் படுக்கிறார் என்றால் அவர் எங்கும் பயணம் போகவில்லை. விரும்பிப் போகவும் இல்லை, நினைத்தபோது திரும்பவும் முடியவில்லை. நினைவு, நினைவாக வராமல், இப்போது நடப்பதாக வந்து விழுகிறது. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், வன்னிச் சனத்துக்கு ஏற்பட்டதை ஒரு சமூகம் முழுவதற்குமான கூட்டு மனவடுவாகவே எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டு அண்ணையின் மனவடுவை உங்கள் கதையின் எஞ்சினாக்காதீர்கள். "பைத்தியம்", "மறை கழன்றது" என்ற சொற்களையும் பாத்திரங்களின் வாயில் யோசிக்காமல் வைக்காதீர்கள். அந்தக் கதையை அவரும் வாசிப்பார்.

விவரம் கேட்டு மூத்தவர்களிடம் போகும்போதும் அதே கவனம் வேண்டும். "அன்றைக்கு என்ன நடந்தது?" என்று தொடங்காதீர்கள். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினீர்கள் என்று கேளுங்கள். இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டியதைக் கை அசைத்துக் காட்டுவார்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்ததைச் சொல்வார்கள். அதற்கு மேல் சொல்ல விரும்பினால் அவர்களே சொல்வார்கள். மௌனமானால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

லாண்ட்மாஸ்டர் எஞ்சினில் பொறி செய்த தம்பி கதையைத் திருப்பி எழுதிக்கொண்டு வந்தான். முதல் வடிவத்தில் நாயகன் 1998 க்குப் போய் அம்மம்மாவிடம் வரப்போவதை எல்லாம் சொல்லி அவரை வேறு நாட்டுக்கு அனுப்பிவிடுவான். இப்போது அவன் சொல்ல வாயெடுக்கிறான். அம்மம்மா அவனை யாரோ வழிப்போக்கன் என்று நினைத்து, "தம்பி, முகம் வாடிப்போச்சு, முதல்ல சாப்பிடு" என்கிறார். அவன் சாப்பிடுகிறான். அவர் தன்னைவிடச் சில வயதுதான் மூத்தவர் போல இருப்பதை அப்போதுதான் கவனிக்கிறான். திரும்பி வந்த பிறகு மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை, யாரோடும் கதைக்கவில்லை. நான்காம் நாள் காலை எழும்பி மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, தாயிடம் இது பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்கிறான்.