'நாஸ்கார் நவ்' வரலாறு: எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடை வண்டிகளின் சாயலில் செய்த கார்களை ஓட்டும் ஸ்டாக் கார் பந்தயத்தை அமெரிக்காவில் நடத்தும் அமைப்பு நாஸ்கார். அந்தப் பந்தயத்துக்கென்றே ஒரு தினசரிச் செய்தி நிகழ்ச்சி ஈஎஸ்பிஎன் 2 விளையாட்டுச் சேனலில் ஓடியது. பெயர் 'நாஸ்கார் நவ்'. 2007 பிப்ரவரி 5-ஆம் தேதி தொடங்கியது, 2014 சீசனோடு நின்றது. மொத்தம் எட்டே சீசன். இவ்வளவு சின்ன வரலாற்றில் தப்புச் செய்ய என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ரசிகர்கள் எழுதும் குறிப்புகளில் அதே பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். திரையில் தெரிந்த ஆட்களைப் பார்க்கிறார்கள், திரைக்குப் பின்னால் இருந்த ஒளிபரப்பு ஒப்பந்தத்தைப் பார்ப்பதில்லை.

பழைய நிகழ்ச்சியின் தொடர்ச்சி என்று எழுதுவது

ஈஎஸ்பிஎன் 2-வில் அதற்கு முன்பே 'ஆர்பிஎம் டூநைட்' என்ற நிகழ்ச்சி இருந்தது. 1995-இல் தொடங்கி 2003 வரை ஓடியது. ஜான் கெர்னன் அதன் முகம். பின்னாளில் வேறு விளையாட்டு நிகழ்ச்சிகளில் புகழ்பெற்ற கென்னி மெய்னும் அதைத் தொகுத்திருக்கிறார். அதுதான் பெயர் மாறி 'நாஸ்கார் நவ்' ஆனது என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். இல்லை. முன்னது எல்லா மோட்டார் பந்தயங்களுக்குமான செய்தி நிகழ்ச்சி. இண்டி கார், டிராக் ரேஸ் எல்லாம் அதில் வரும். பின்னது நாஸ்காருக்கு மட்டும். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய நான்கு வருட இடைவெளி வேறு இருக்கிறது.

அந்த இடைவெளியை ஏதோ ஓய்வுக்காலம் மாதிரி தாண்டிப் போவது அடுத்த தவறு. உண்மையான கதை அங்கேதான் கிடக்கிறது.

2000 வரை நாஸ்கார் பந்தயங்களின் ஒளிபரப்பு உரிமையை அந்தந்தப் பந்தய மைதானமே தனித்தனியாக விற்றது. இந்த வாரம் ஒரு சேனல், அடுத்த வாரம் இன்னொன்று. 1979 பிப்ரவரி 18 அன்று டேடோனா 500 பந்தயத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நேரலையாகக் காட்டியது சிபிஎஸ். அன்று கிழக்கு மாநிலங்களில் கடும் பனி, ஜனங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்த கேல் யார்பரோவும் டானி ஆலிசனும் மோதிக்கொண்டு ஓரமாய்ப் போக, ரிச்சர்ட் பெட்டி ஜெயித்தார். அப்புறம் டானியின் அண்ணன் பாபி ஆலிசனும் வந்து சேர, கைகலப்பு. அதுவும் நேரலையில். தென் மாநிலங்களுக்கு வெளியே பலர் இந்தப் பந்தயத்தைக் கவனித்ததே அன்றைக்குத்தான் என்று சொல்வார்கள். அதே வருடம் செப்டம்பரில் பிறந்த ஈஎஸ்பிஎன், 1981 முதல் நாஸ்கார் பந்தயங்களைக் காட்ட ஆரம்பித்தது. பாப் ஜென்கின்ஸ், நெட் ஜாரெட், பென்னி பார்சன்ஸ் மூவரின் வர்ணனையோடு வளர்ந்தது ஒரு தலைமுறை.

1999 இறுதியில் நாஸ்கார் எல்லா உரிமைகளையும் ஒரே கட்டாகச் சேர்த்து விற்றது. சுமார் 240 கோடி டாலர். வாங்கியவர்கள் ஃபாக்ஸ், என்பிசி, டர்னர். இருபது வருடம் காட்டிக்கொண்டிருந்த ஈஎஸ்பிஎன், 2001 முதல் வெளியே. அதற்குப் பிறகும் 'ஆர்பிஎம் டூநைட்' ஓடியது உண்மைதான். ஆனால் பந்தயக் காட்சிகள் போட்டிச் சேனல்களின் கையில் இருக்கும்போது அந்தப் பந்தயத்துக்கு ஒரு செய்தி நிகழ்ச்சி நடத்துவதில் சேனலுக்கு என்ன லாபம்? 2003-இல் கடையைக் கட்டினார்கள்.

2005 டிசம்பரில் அடுத்த ஒப்பந்தம். 2007 முதல் 2014 வரை எட்டு வருடம், 448 கோடி டாலர். ஈஎஸ்பிஎனும் அதன் சகோதர சேனல் ஏபிசியும் மறுபடி உள்ளே வந்தன. இப்போது 'நாஸ்கார் நவ்' தொடங்கிய தேதியையும் முடிந்த தேதியையும் ஒப்பந்தத்தின் தேதிகளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறு விளக்கமே தேவைப்படாது.

பார்வையாளர் குறைந்ததால் நிறுத்தினார்கள் என்பது

இது மிகப் பரவலான பிழை. அந்த ஆண்டுகளில் நாஸ்காருக்குப் பார்வையாளர் குறைந்தது நிஜம். ஆனால் நிகழ்ச்சி நின்ற காரணம் அதுவல்ல. 2013 கோடையில், 2015 முதலான பத்து வருட உரிமையை என்பிசியும் ஃபாக்ஸும் பிரித்துக்கொண்டன. ஈஎஸ்பிஎனுக்கும் டர்னரின் சேனலான டிஎன்டிக்கும் இடமில்லை. அதாவது, தான் எப்போது முடியப்போகிறோம் என்று தெரிந்துகொண்டே அந்த நிகழ்ச்சி ஒன்றரை சீசன் ஓடியிருக்கிறது. 2014 நவம்பரில் ஹோம்ஸ்டெட்டில் கெவின் ஹார்விக் சாம்பியன் ஆன பந்தயம்தான் அந்த ஒப்பந்தத்தின் கடைசி. 'திடீரென்று நிறுத்திவிட்டார்கள்' என்று யாராவது எழுதியிருந்தால், அவர் 2013-ஐப் படிக்காமல் எழுதுகிறார்.

தொடக்கத்திலும் இதே மாதிரி ஒரு தவறு உண்டு. ஈஎஸ்பிஎன் பந்தயம் காட்டியதால் செய்தியும் சொன்னது என்று எளிதாக முடித்துவிடுவார்கள். நாஸ்காரின் முதன்மைத் தொடரான கோப்பைப் பந்தயங்களில் முதல் 13 ஃபாக்ஸுக்கு, அடுத்த 6 டிஎன்டிக்கு, கடைசி 17 மட்டுமே ஈஎஸ்பிஎன்-ஏபிசிக்கு. 2007-இல் அவர்கள் காட்டிய முதல் கோப்பைப் பந்தயம் ஜூலை 29-ஆம் தேதி இண்டியானாபொலிஸில். டோனி ஸ்டூவர்ட் ஜெயித்தார். ஜெயித்த கையோடு பேட்டியில் கெட்ட வார்த்தை பேசி 25,000 டாலர் அபராதமும் வாங்கிக்கொண்டார். ஆக, பிப்ரவரி முதல் ஜூலை வரை 'நாஸ்கார் நவ்' தினமும் பேசியது அடுத்த சேனல்கள் காட்டிய கோப்பைப் பந்தயங்களைப் பற்றி. தன்னுடைய பாதி வருடத்துக்குக் கூட்டம் சேர்க்க, முழு வருடமும் பேச வேண்டியிருந்தது. இரண்டாம் நிலைத் தொடர் மட்டும் முழுக்க அவர்களிடம் இருந்தது.

பெயர்க் குழப்பங்கள்

'நாஸ்கார்' என்று தொடங்கும் நிகழ்ச்சிகள் அப்போது ஏராளம். 'நாஸ்கார் கவுண்ட்டவுன்' அதே ஈஎஸ்பிஎனில் வந்ததுதான், ஆனால் அது பந்தயத்துக்குச் சற்று முன் மைதானத்திலிருந்து வரும் முன்னோட்டம். 'நாஸ்கார் ரேஸ்டே' ஃபாக்ஸின் ஸ்பீடு சேனலுடையது. அதே ஸ்பீடு 2009 அக்டோபரில் தொடங்கியது 'நாஸ்கார் ரேஸ் ஹப்'. 2013 ஆகஸ்டில் அந்தச் சேனலே ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் 1 ஆக மாறியபோது நிகழ்ச்சியும் கூடவே போனது. 2014 பிப்ரவரியில் என்பிசியின் விளையாட்டுச் சேனல் 'நாஸ்கார் அமெரிக்கா'வைத் தொடங்கியது. அவர்கள் புதிய ஒப்பந்தத்தில் பந்தயம் காட்ட வேண்டியதோ 2015 ஜூலையில்தான். பந்தயம் வருவதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் முன்னாலேயே செய்தி நிகழ்ச்சி வந்துவிட்டது.

ஆகவே 2014-இல் மூன்று தினசரி நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் ஓடின. ஒன்று போய் ஒன்று வந்தது என்று வரிசைப்படுத்தி எழுதினால் அது தவறு.

ஊர்ப் பெயரிலும் ஒரு கண்ணிவெடி. நிகழ்ச்சி பிரிஸ்டலில் இருந்து வந்தது என்று படித்ததும், பந்தயம் தெரிந்தவர்களுக்கு டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல்தான் நினைவுக்கு வரும். 1961 முதல் அங்கே நாஸ்கார் ஓடுகிறது. அரை மைலைச் சற்றே தாண்டும் குட்டித் தடம், சுற்றிலும் செங்குத்தான இருக்கைகள். ஈஎஸ்பிஎன் தலைமையகம் இருப்பதோ கனெக்டிகட் மாநிலத்தின் பிரிஸ்டலில். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. பந்தய அணிகள் பெரும்பாலும் வட கரோலினாவின் சார்லட் நகரைச் சுற்றி இருக்கின்றன, ஸ்டுடியோ இருந்ததோ வடகோடியில். 'ரேஸ் ஹப்' சார்லட்டிலேயே தயாரானது. ஓட்டுநர் ஒருவர் மதியம் பட்டறையிலிருந்து கிளம்பி ஸ்டுடியோவில் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகலாம். இரண்டு நிகழ்ச்சிகளையும் ஒப்பிடுகிறவர்கள் தொகுப்பாளர்களின் திறமையைப் பற்றியே பேசுகிறார்கள். என் கணிப்பில் வித்தியாசத்தில் பாதியாவது இந்தத் தூரத்தால் வந்தது.

தொகுப்பாளர் பட்டியல்

முதல் சீசனில் வாரநாள் முகம் எரிக் குசெலியஸ். வானொலியில் விளையாட்டு விவாதம் நடத்தியவர், பந்தய உலகத்து ஆள் அல்ல. ரசிகர்கள் அதைச் சொல்லிச் சொல்லிக் குறைபட்டார்கள். 2008-இல் ரயன் பர், நிக்கோல் மான்ஸ்கி என்று மாற்றினார்கள். பட்டியல் போடுகிறவர்கள் நிக்கோல் மான்ஸ்கி, நிக்கோல் பிரிஸ்கோ என்று இரண்டு பேரைச் சேர்த்துவிடுவது வழக்கம். ஒருவர்தான். இண்டி கார் ஓட்டுநர் ரயன் பிரிஸ்கோவை மணந்த பிறகு பெயர் மாறியது.

முதல் வருடத்து எரிச்சலை வைத்தே எட்டு சீசனையும் எடைபோடுவதும் சரியில்லை. ஆலன் பெஸ்ட்விக் பொறுப்பேற்ற திங்கள்கிழமை ஒரு மணி நேர வட்டமேசை, இந்த விளையாட்டுக்குத் தொலைக்காட்சியில் கிடைத்த நல்ல உரையாடல்களில் ஒன்று. ரிக்கி கிரேவன், ரே எவர்னம் மாதிரி வண்டி ஓட்டியவர்களும் அணி நடத்தியவர்களும் உட்கார்ந்து, நேற்று நடந்ததைப் பொறுமையாகப் பிரித்துப் பேசுவார்கள். கத்தல் கிடையாது. பெஸ்ட்விக் 2011-இல் நேரடி வர்ணனைக்குப் போய்விட்டார்.

பந்தயம் முடிந்ததும் செய்தி முடிந்தது என்று எண்ணுவது

இந்தக் கேள்வியைப் பலர் கேட்கிறார்கள்: ஞாயிறு ஓடும் பந்தயத்துக்கு வாரம் முழுக்க என்ன செய்தி? நாஸ்கார் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் போதும். 1949 ஜூன் 19-ஆம் தேதி சார்லட்டில் நடந்த முதல் 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்' (கோப்பைத் தொடரின் முதல் பெயர்) பந்தயத்தில் முதலாவதாக வந்தவர் கிளென் டனவே. பின்பக்க ஸ்பிரிங்கில் கைவைத்திருந்தது சோதனையில் தெரிந்து அவரை நீக்கினார்கள். வெற்றி ஜிம் ரோப்பருக்குப் போனது. முதல் பந்தயத்தின் முடிவே ஓடி முடித்த பிறகு மாறியது!

'நாஸ்கார் நவ்' காலத்திலும் அப்படித்தான். முதல் மாதமே, டேடோனாவில் மைக்கேல் வால்ட்ரிப்பின் காரில் எரிபொருளோடு சேர்க்கக் கூடாத பொருள் கண்டுபிடிக்கப்பட்டு 100 புள்ளிகள் பறிபோயின. 2007 மே மாதம் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் அப்பா ஆரம்பித்த அணியை விட்டு விலகுவதாக அறிவித்தார். ஜூனில் ஹென்ட்ரிக் அணிக்குப் போவதாகச் சொன்னார். நடுவில் இருந்த வாரங்களில் தினசரி நிகழ்ச்சிக்குப் பேச்சுப் பஞ்சமே இல்லை. எல்லாவற்றுக்கும் மேல் 2013 செப்டம்பர் 7, ரிச்மண்ட். சக ஓட்டுநருக்கு, 12 பேர் மட்டும் பட்டத்துக்கு மோதும் சீசனின் கடைசிக் கட்டத்தில் இடம் கிடைக்க வேண்டும் என்று கிளின்ட் பௌயர் வேண்டுமென்றே வண்டியைச் சுழல விட்டாரா? அவருடைய அணிக்கு 3 லட்சம் டாலர் அபராதம். அந்தச் சக ஓட்டுநர் மார்ட்டின் ட்ரூக்ஸ் ஜூனியர் வெளியே, ரயன் நியூமன் உள்ளே. சில நாள் கழித்து ஜெஃப் கார்டனை 13-ஆவது ஆளாகச் சேர்த்தார்கள். பந்தயத்தின் ஒளிப்பதிவை மட்டும் பார்த்து எழுதுகிறவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. வார நடுவில் என்ன சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும்.

கோப்பையின் பெயரையும் அந்தந்தக் காலத்துக்கு ஏற்ப எழுதுங்கள். நிகழ்ச்சி தொடங்கியபோது அது நெக்ஸ்டெல் கோப்பை, 2008 முதல் ஸ்பிரிண்ட் கோப்பை. இரண்டாம் தொடர் புஷ், பிறகு நேஷன்வைட்.

நம் ஊர்க்காரர் ஒருவரைத் தேடி இந்த நிகழ்ச்சிக்கு வருகிறவர்களும் உண்டு. கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்காரின் பிக்கப் ட்ரக் தொடரில் ஓட்டினார். மார்ட்டின்ஸ்வில்லில் முதல் பந்தயம், அந்த வருடமே அந்தத் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் என்ற விருதும் ரசிகர் வாக்கில் கிடைத்தது. ஆனால் ட்ரக் தொடரின் உரிமை ஈஎஸ்பிஎனிடம் இல்லை, ஸ்பீடு சேனலிடம் இருந்தது. அவரைப் பற்றிய காட்சிகளைத் தேட வேண்டியது முதலில் அங்கே.

கடைசியாக, இணையத்தில் கிடைக்கும் துண்டுக் காட்சிகளின் தேதி. பதிவேற்றிய நாளை ஒளிபரப்பான நாளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திரையே தேதி சொல்லும். எர்ன்ஹார்ட் ஜூனியரின் காரில் 8 என்று இருந்தால் 2007, 88 என்றால் 2008 அல்லது அதற்குப் பிறகு. கோப்பைக் காரின் பின்னால் விமான இறக்கை போல ஒன்று நின்றால் அது 2007 முதல் 2010 மார்ச் வரைக்குள். மார்ட்டின்ஸ்வில்லில் அதைக் கழற்றிப் பழையபடி தகடு வைத்துவிட்டார்கள். 2013 முதல் கார்களின் முகமே கடை வண்டிகளின் சாயலுக்கு மாறியது. ஜிம்மி ஜான்சனை எத்தனை முறை சாம்பியன் என்று அறிமுகப்படுத்துகிறார்கள் என்பதையும் காதில் வாங்குங்கள்: அவர் 2006 தொடங்கி 2010 வரை தொடர்ந்து ஐந்து முறை, அப்புறம் நிகழ்ச்சி நிற்பதற்குள் 2013-இல் ஒரு முறை பட்டம் வாங்கியவர்.